கடலைக் காத்தலும் அரசறமே

(கிழக்கேகோட்டையில் கூடிய உபாசகர்களுக்கு நிகழ்த்திய தன்மப் பிரசங்கம்)



பகாராதன் என்னும் அசுரன் பகவான் புத்தரிடம் மகா சமுத்திரத்தின் எட்டு அதிசயங்களை எடுத்துரைத்தான். அவற்றுள் ஒன்று, கடல் தன் கரையைக் கடவாது என்பது. அதனையே உவமையாகக் கொண்டு, தம் சீடர்கள் உயிர் போவதாயினும் சீலத்தைக் கடவார் என்று பகவான் அருளினார்.

இன்று அக்கடல் கரை கடந்து வருகின்றது. இக்கிழக்கேகோட்டையிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் வலியதுறையைக் காணலாம். 1956-ஆம் ஆண்டில் கட்டிய கடற்பாலம் அங்கே 2024-இல் இரண்டாகப் பிளந்தது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல ஆண்டுகள் சரக்குக் கிடங்கில் முடங்கிக் கிடந்தன. கரை அரிப்புக்குத் துறைமுகப் பணிகளும் கடற்சுவர்களும் காரணமென்று மீனவர் முறையிடுவர். அவ்வழக்கு தனியே ஆராயத்தக்கது. ஆயினும் உலகக் கடல் முழுவதும் உயர்ந்து வருவதற்குக் காரணம் ஐயமற விளங்கியிருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் புகையால் உலகம் சூடேறுகிறது. அவ்வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே ஏற்கிறது. சூடேறிய நீர் விரிகிறது. பனிமலைகள் உருகிக் கடலில் சேர்கின்றன. காரணமின்றிக் காரியம் இல்லை என்பதன்றோ நம் தன்மத்தின் அடிப்படை?

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. மகனைக் காணாத துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தான், நகரம் அழிந்தது. தெய்வம் சினந்தது என்பதை நாம் அவ்வண்ணமே கொள்ள வேண்டுவதில்லை. அரசன் கடமை மறப்பின் குடிகள் வீடிழப்பர் என்னும் உட்பொருளைக் கொள்வோமாக.

அக்கடமை யாது என்று இக்காலத்தே கேட்டவை சிறிய தீவு நாடுகள். துவாலு முதலிய அந்நாடுகள் 2022-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நியாயமன்றத்தை அணுகின. 2024 மே 21-இல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தனர். மனிதர் வெளியிடும் கரிப்புகை, 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையின்படி கடலை மாசுபடுத்துவதேயாம். அதைத் தடுக்கவும் குறைக்கவும் தேவையான அனைத்தையும் கண்டிப்பான விழிப்புடன் செய்வது அரசுகளின் சட்டக்கடமை என்றனர். இந்தியாவும் 1995-இல் அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடு.

விழிப்பு என்னும் அச்சொல் நமக்குப் புதியதன்று. அப்பமாதம் என்று நம் நூல்கள் கூறுவது அதுவே. பரிநிர்வாணத்தின்போது பகவான் இறுதியாக உபதேசித்ததும் அதனையே. "யான் வேண்டுமென்று தீங்கிழைக்கவில்லை" என்று சொல்லித் தப்புவது விழிப்பாகாது. தீங்கு வருமென்று அறிந்தபின் வாளாவிருத்தலும் குற்றமே.

அன்றியும், கொடாததைக் கொள்ளாமை நம் இரண்டாம் சீலம். புகையால் செல்வம் திரட்டியோர் ஒருபால். வீட்டைப் பறிகொடுத்தோர் மறுபால். கட்டுமரத்தில் செல்லும் ஏழை எழுப்பிய புகை எவ்வளவு? அவன் பிள்ளைகளின் கரையை எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி கொடுத்தவர் யார்?

நியாயமன்றத்தின் கருத்துரை, தீர்ப்பைப் போல் எவரையும் கட்டுப்படுத்துவதன்று. அதற்கு வலிமை தருவோர் குடிகளே. சுற்றுச்சூழலைக் காத்தல் அரசின் நெறி என்று நம் அரசியற்சட்டத்தின் 48அ பிரிவு விதிக்கிறது. ஆகையால், வாக்குக் கேட்டு வருவோரிடம், "கடலைக் காக்க யாது செய்தீர்?" என்று வினவுங்கள். நம் தெருவில் மீன்கூடை சுமந்து வரும் அம்மையின் வீடு நிலைக்கிறதா என்றும் கேளுங்கள். மைத்திரி அங்கே தொடங்கட்டும்.

சகல ஜீவர்களும் சுகமாய் வாழ்க!