அஞ்சுவோர்க்கு உரிய விடை

பூமியையே அழித்துவிடக்கூடும் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான யந்திரங்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் பிரசித்தமானது, ஜெனீவா நகருக்கு அருகே, பிரான்சும் ஸ்விட்ஸர்லாந்தும் சந்திக்கும் எல்லையில், நிலத்தின் அடியே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் ஸெர்ன் ஆய்வுக்கூடத்தார் நிறுவியிருக்கும் பெரிய ஹாட்ரான் மோதுயந்திரம். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி அதில் முதன்முறையாகப் புரோட்டான் கற்றைகள் சுற்றி வந்தபோது, இந்தியத் தொலைக்காட்சிகளில் சில, உலகம் அன்றைக்கே முடிந்துபோகுமோ என்று ஓயாமல் வினவிக்கொண்டிருந்தன. கற்றைகள் பிசகின்றிச் சுற்றுகின்றனவா என்று பார்ப்பதே அன்றைய வேலை. மோதல் எதுவும் அன்று நிகழ்வதாகவே இல்லை என்பதை விசாரித்து அறியும் சிரமத்தை அவை மேற்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தப் பீதியைத் தாளாமல் மத்தியப் பிரதேசத்தில் ஓர் இளம்பெண் உயிர்நீத்தாள் என்று பத்திரிகைகள் எழுதின.

இவ்வளவையும் கேட்டவுடன், பயத்தைக் கிளப்பியவர்களே குற்றவாளிகள், விஞ்ஞானிகள் நிரபராதிகள் என்று தீர்ப்பெழுதி எழுந்துவிடத் தோன்றும். ஆயினும் பயத்தை விற்றுப் பிழைப்பவனும் மெய்யாகவே பயந்து கேள்வி கேட்பவனும் ஒருவரல்லர். முன்னவன் மீதுள்ள நியாயமான கோபத்தைப் பின்னவன் மீது இறக்கிவைப்பது அறமாகாது. பயத்துக்கு ஆதாரம் உண்டா என்பது பௌதிக சாஸ்திரம் தீர்க்கவேண்டிய கேள்வி. பயந்தவனுக்கு எத்தகைய பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதோ, ஆதாரம் இல்லையென்று தெரிந்த பிறகும் தீராமல் நிற்கும் கேள்வி.

ஜெனீவாவுக்கு முன்பே இந்த வழக்கு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் எழுந்தது. தங்க அணுக்களின் கருக்களை ஒன்றோடொன்று மோதவிடும் யந்திரம் அங்கே தயாராகிக்கொண்டிருந்த 1999ஆம் ஆண்டில், அதனால் கருந்துளை உண்டாகிப் பூமியை விழுங்கிவிடாதா என்று வாசகர் ஒருவர் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். பதிலளித்த பௌதிக அறிஞர் ஃபிராங்க் வில்செக் கருந்துளைப் பேச்சைத் தள்ளிவிட்டு, அதைவிடக் கவனத்துக்குரிய வேறொரு கற்பனையும் உண்டு என்று, தன்னைத் தொட்ட பொருளையெல்லாம் தன் மயமாக்கக்கூடிய ‘ஸ்டிரேஞ்ச்லெட்’ என்னும் விசித்திரத் துகளைக் குறிப்பிட்டார். அதுவும் நேராது என்றே அவர் சொன்னாலும், நாளேடுகளுக்கு அது போதுமானதாயிற்று. ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் மார்பர்கர் நால்வர் குழுவொன்றை நியமித்தார். குழுவில் வில்செக்கும் இருந்தார். அதே யந்திரத்தில் நடக்கவிருந்த சோதனையொன்றின் தலைவரும் இருந்தார். அவர்களது யோக்கியதையில் சந்தேகமில்லை. எனினும், தன் வழக்கில் தானே நீதிபதியாவது கூடாது என்ற பழைய நியாயம் மேதைகளுக்கு விலக்களிப்பதில்லை.

குழுவின் முக்கியமான வாதம் அழகானது. பிரபஞ்ச வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், காற்று மண்டலம் இல்லாத சந்திரனின் தரையைப் பல நூறு கோடி ஆண்டுகளாகத் தாக்கிக்கொண்டிருக்கின்றன. யந்திரம் செய்யப்போகும் மோதல்களை இயற்கை அங்கே முன்பே செய்து பார்த்துவிட்டது. சந்திரன் இன்னும் வானத்தில் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் இடைவெளி உண்டு. காஸ்மிக் கதிரால் பிறக்கும் துகள் அதிவேகமாய்ப் பாய்ந்து செல்லும். எதிரெதிரே வரும் இரு கற்றைகளின் மோதலில் பிறப்பதோ ஏறக்குறைய நின்ற நிலையிலேயே பிறக்கலாம். வேகமாய்ச் சென்றது சிதைந்து போயிருக்கலாம், நின்றது நிலைத்துவிடலாம் அல்லவா? இந்த ஆட்சேபத்தைப் பொருட்படுத்தியதால்தான் விண்வெளியிலேயே நிகழும் மோதல்களைக் கொண்டு வேறு வாதம் வகுக்கப்பட்டது. பின்னர் ஜெனீவா யந்திரத்தின் பொருட்டு கிடிங்ஸ், மங்கானோ என்னும் இருவர் 2008இல் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சியில், வேகமாய்ச் செல்லும் நுண்ணிய கருந்துளையையும் தடுத்து நிறுத்தக்கூடிய அடர்த்தி வாய்ந்த வெண்குள்ள நட்சத்திரங்களும் நியூட்ரான் நட்சத்திரங்களும் இத்தனை காலம் அழியாமல் இருப்பதே சாட்சியமாக முன்வைக்கப்பட்டது. பாமரக் கேள்வி என்று பரிகசிக்கப்பட்ட ஒன்று இப்படி ஒரு வாதத்தின் பலவீனத்தை வெளிப்படுத்தி, அதைவிட வலிய வாதங்களைத் தேடவைத்தது. பரிகசித்தவர்கள் முடிவில் சரியாகவே சொன்னார்கள். ஆனால் பரிகசித்த நேரத்தில் அவர்கள் கையிலிருந்த காரணம் முழுமையானதன்று.

இத்தாலியப் பௌதிக அறிஞர் ஃபிரான்செஸ்கோ கலோஜெரோ 2000ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதுகையில், தம் சகாக்களில் பலருக்கு உண்மையை முழுமையாகச் சொல்வதைக் காட்டிலும், தாங்கள் சொல்வது ஜனங்களின் காதில் எப்படி விழும் என்பதே பெரிய கவலையாக இருக்கிறது என்று குறைப்பட்டார். ‘அபாயம் சூன்யம்’ என்று எந்த விஞ்ஞானியும் தன் சாஸ்திரத்தின் பாஷையில் சொல்ல முடியாது. ‘சூன்யமன்று, மிக மிக அற்பம்’ என்று சொன்னாலோ கேட்பவன் ‘அப்படியானால் உண்டு’ என்று எடுத்துக்கொள்கிறான். இந்தத் தர்மசங்கடத்தில், கேட்பவனின் நன்மைக்காகவே சிறிது பொய் சொல்லலாமே என்ற சபலம் இயற்கையானது. ஆனால் அற்பம் என்ற சொல்லும் பணயத்தைப் பொறுத்தது. ஐந்து கோடியில் ஒரு பங்கு அபாயம் என்றால் எவரும் அலட்சியம் செய்வர். பணயம் அப்போதிருந்த 600 கோடி மக்களும் என்றால், கணக்கின்படி அது 120 உயிர்களைக் கொடுப்பதற்குச் சமம் என்பதை வானியல் அறிஞர் மார்ட்டின் ரீஸ் 2003இல் வெளியான தமது நூலில் சுட்டிக்காட்டினார். 120 பேரைப் பலியிட்டு நடத்தும் சோதனைக்கு எந்த அரசும் அனுமதி தராது. உண்மையான அபாயம் அந்த அளவுக்கு அருகில்கூட இல்லை என்று நம்புவதற்குத் திடமான காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களை அவற்றின் தையல்கள் தெரியும்படி எடுத்துவைப்பதே மரியாதையான பதில். கிணறு வெட்டுகையில் பாறைக்கு வேட்டு வைப்பவன், கல் ஒன்றும் பறக்காது என்று தனக்குத் தெரிந்திருந்தாலும், ஊருக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் திரியில் நெருப்பு வைக்கிறான்.

குரல் கொடுக்கவேண்டிய ஊர் எது என்பதுதான் ஜெனீவாவின் விஷயத்தில் சிக்கல். 2008 மார்ச்சில் இருவர் ஹவாயில் உள்ள அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் யந்திரத்தை நிறுத்தக் கோரி வழக்குத் தொடுத்தனர். அந்த யந்திரம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றமும் அவசரத் தடை விதிக்க மறுத்தது. ஸெர்ன் பல அரசுகள் கூடி அமைத்த ஸ்தாபனம் என்பதால் உள்ளூர் நீதிமன்றங்களின் அதிகாரம் அதனைத் தீண்டாது. மறுப்புகள் சட்டப்படி பிழையற்றவையாக இருக்கலாம். ஆனாலும், சகல ஜனங்களையும் பாதிக்கும் என்று சொல்லப்படும் ஒரு காரியத்தை விசாரிக்க அந்த ஜனங்களில் எவருக்கும் ஒரு சபை இல்லை என்பது, இந்த யந்திரம் தீங்கற்றது என்பதால் மட்டும் சமாதானமாகிவிடுவதில்லை.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க எழுந்த திட்டத்தில் இதே வினா வேறு உருவில் வந்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை; சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் விரல் நகம் ஒவ்வொன்றின் வழியாகவும் நொடிக்குப் பல ஆயிரம் கோடியாகச் சென்றுகொண்டேதான் இருக்கின்றன; 50,000 டன் இரும்பால் திட்டமிடப்பட்ட அந்தக் கருவி எதையும் உற்பத்தி செய்வதன்று, இயற்கையாய் வருவதைப் பதிவு செய்வது. ஆகவே எதிர்ப்பு முழுவதையுமே அறியாமை என்று தள்ளிவிடுவது ஆதரவாளர் சிலருக்கு வசதியாயிற்று. ஆனால் பாறையை வெடிவைத்துக் குடைவதும், நிலத்தடி நீரும், கேரள எல்லைக்கு அப்பால் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவும் அதே எதிர்ப்பில் அடங்கியிருந்தன. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தபோது, நியூட்ரினோவைப் பற்றி அதற்கு ஒரு புகாரும் இருக்கவில்லை. பூங்கா அவ்வளவு அருகில் இருந்தும் திட்டம் அதற்குரிய முறைப்படி பரிசீலிக்கப்படவில்லை என்பதே அதன் ஆட்சேபம்.