உடம்பு யார் பொறுப்பு?

திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நத்தம், வேடசந்தூர், குஜிலியம்பாறை, நிலக்கோட்டை என்று சமவெளியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் குடிநீருக்கும் மனுவோடு வருகிறார்கள். அந்த மனுவைப் பதிந்து, குறிப்பெழுதி, மேலே அனுப்பும் உதவியாளரின் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்படச் சொன்னால் வரிசையில் நிற்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். மின்விசிறிக்கு அடியில் நாற்காலி, மாதம் தவறாத சம்பளம். இவருக்கு என்ன குறை? அரசு அலுவலகங்களில் ஊழியரின் உடல்நலம், மனநலம் என்று எதைத் தொடங்கினாலும் பாதியில் படுத்துவிடுவதற்கு நிதியையும் சோம்பலையும் காரணம் காட்டுவது வழக்கம். அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி தீராமல் கிடக்கிறது என்பது என் எண்ணம். வேலை செய்கிறவரின் உடம்பு யார் பொறுப்பு? அவருடையதா, வேலை வாங்குகிறவருடையதா?

அவரவர் உடம்பு அவரவர் பாடு என்பதுதான் நம்மிடம் பரவலாக இருக்கும் விடை. நிலையாமை பேசிய நூல்கள் உடம்பை நம்பாதே என்றன. திருமூலரோ, உடம்பை இழுக்கென்று நினைத்திருந்த தாம் பின்னால் அதைப் பேணத் தொடங்கியதைச் சொன்னார். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு குரலும் தனி மனிதனை நோக்கியே பேசுகின்றன. வள்ளுவர் இங்கே ஒரு நுட்பமான காரியம் செய்திருக்கிறார். நிலையாமையை அறத்துப்பாலில் துறவறத்தோடு வைத்தவர், மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை அரசும் அமைச்சும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். நோயாளி நான்கில் ஒருவர்தான். அதிகாரம் வைத்த இடத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா, பத்துக் குறளில் ஆறு உணவைப் பற்றியவை, உண்கிறவனுக்கான அறிவுரைதானே அது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முன்பு உண்டது செரித்து, பசி எடுத்து, அளவோடு உண்ண வேண்டுமென்றால் உண்ணும் நேரம் உண்பவர் கையில் இருக்க வேண்டும். பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலருக்கு அது இல்லை. ஆய்வுக் கூட்டம் முடியும்வரை கோப்போடு வெளியே காத்திருக்கும் எழுத்தருக்கும் இல்லை. குறளின்படி நடக்க அவர்கள் தயாராக இருந்தாலும் பணிப்பட்டியல் விடாது.

இதற்கு அரசு ஊழியர்களிடமே எடுத்த சான்று உண்டு. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு 17,000க்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிலையான வேலை, யாரும் பட்டினி இல்லை. இருந்தும் பதவியில் கீழே போகப் போக இதய நோய்ச் சாவு கூடியது. கடைநிலையில் இருந்தவர்களிடம் அது உச்சியில் இருந்தவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியது. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மைக்கேல் மார்மட் குழுவினர் அந்த மிச்சத்துக்குள் ஒரு காரணத்தைக் கண்டார்கள்: தன் வேலையின் மேல் தனக்கு இருக்கும் பிடி. எதை முன்னால் செய்வது, எப்போது நிறுத்துவது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. மின்விசிறியும் நாற்காலியும் இருக்கும்போது என்ன குறை என்று கேட்டவருக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

நோயாளியை மட்டும் திருத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகமான இல்லினாயில் 2016இல் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பரிசோதனை, வகுப்புகள், வந்தால் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு செய்தார்கள். முதலாண்டு முடிவில் மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் முன்பே நலமாக இருந்தவர்கள். நம் நாட்டில் 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு தன் அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்த ஐந்து நிமிட யோகா இடைவேளையும் இந்த வழியில்தான் நடக்கிறது. கோப்பு, காலிப்பணியிடம், கூடுதல் பொறுப்பு எதுவும் மாறாது. ஊழியர் மட்டும் மூச்சை மாற்றிக்கொள்ள வேண்டும். யோகா நாளான ஜூன் 21 அன்று வரிசையாக நின்று படம் எடுத்து அனுப்பினால் சுற்றறிக்கைக்குப் பதில் போய்விட்டது. யோகா யாருடைய வழிபாடு என்ற கேள்வியும் கூடவே எழும். அபிராமி அம்மன் கோயிலும் பேகம்பூர்ப் பள்ளிவாசலும் தேவாலயங்களும் இருக்கும் திண்டுக்கல்லில் அது சின்னக் கேள்வி அல்ல. விருப்பத்துக்கு விட்டால் தானே தீரும்; வருகைப்பதிவு எடுத்தால் தீராது.

வேலையையே கொஞ்சம் நகர்த்திய உத்தரவுகளும் இங்கே வந்திருக்கின்றன. முதல்வர் செல்லும் வழியில் சாலையோரக் காவலுக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் தமிழகக் காவல்துறை சொன்னது. கழிப்பறை இல்லாத சாலையில் தண்ணீர் குடிக்கப் பயந்து வெயிலில் நிற்பவருக்கு அதைவிட நல்ல நலத் திட்டம் எதுவாக இருக்க முடியும்? அதே ஆண்டு காவலர்களுக்கு வார விடுப்பும் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு காவலருக்கும் குடும்பத்துக்கும் நடத்திய நிறைவாழ்வுப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வார விடுப்பு உண்மையிலேயே கிடைக்கும் நிலையத்தில் அந்தப் பயிற்சிக்கு இரட்டிப்புப் பலன் இருக்கும். கிடைக்காத இடத்தில் அது இன்னொரு டூட்டி. மனநல ஆலோசனைக்குப் போனால் பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ என்ற அச்சம் வேறு. ஓய்வை எடுப்பதைவிட விற்பது லாபம் என்று ஆக்கிவைத்திருப்பதும் நாம்தான். ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் முறை 2020இல் கொரோனாவைச் சொல்லி நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பக் கேட்டுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தன. 2025 அக்டோபரில் திரும்ப வந்தது. அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் பதினைந்து நாள் ஓய்வு யாருக்கு உதவும்? சரண் என்ற சொல் மட்டும் உறுத்துகிறது.

தொண்டு என்று வந்தவர் உடம்பைக் கணக்குப் பார்க்கலாமா என்பது கனமான மறுப்பு. பலன் கருதாமல் கடமையைச் செய் என்ற கீதையின் நெறியை அரசு ஊழியருக்கு எடுத்துச் சொல்லாத மேடை இல்லை. ஆனால் பலனைத் துறக்க வேண்டியவர் செய்பவர். அவர் துறந்ததை எடுத்துக்கொள்ளும் உரிமை செய்விப்பவருக்கு அந்த நெறியில் எங்கேயும் கொடுக்கப்படவில்லை. கீதையை உயிராகக் கொண்ட காந்தியே 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையிலிருந்து ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வழியில் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம் மருத்துவர். தொண்டும் மருத்துவமும் அங்கே ஒரே வளாகத்தில் வளர்ந்தன.

இனி வரிசையில் நிற்பவரின் கேள்வி: என் வரிப்பணத்தில் இவர்களுக்கு இன்னும் ஒரு சலுகையா? தெரிந்துவினையாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள், பணியை ஏற்றவன் பிறழாவிட்டால் உலகும் பிறழாது, ஆகவே ஆள்பவன் அவனை நாள்தோறும் நாட வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறது. நாடுதலை உரைகாரர்கள் ஆராய்தல் என்று கொண்டார்கள். நம் ஆய்வுக் கூட்டங்கள் அந்த உரையின் வழிவந்தவைதாம். நாடுதலுக்குத் தேடிப்போதல் என்றும் பொருள் உண்டு. நிலுவை எத்தனை என்று கேட்கும் அதிகாரி, மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் பிரிவில் நிலுவை ஏன் என்றும் கேட்டால், மனுதாரருக்கும் எழுத்தருக்கும் ஒரே கேள்வியில் பதில் கிடைக்கும்.

அப்படி நாடிப் போகிறவர் எதுவரை போவார் என்பதுதான் மிச்சம். தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குச் சாலையோரப் பந்தல்களில் மோரும் சோறும் கால்வலிக்குத் தைலமும் உண்டு. கூட்டம் கடந்த பிறகு இலையையும் பிளாஸ்டிக் குவளையையும் கூட்டி அள்ளுகிறவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் செய்வது அரசின் வேலை. சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். அதனால் 2021 ஜூலையில் தொடங்கிய அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் அவர் பெயர் இல்லை, யோகா வகுப்பின் வருகைப்பதிவேட்டிலும் இல்லை.