ஹெல்மெட் எதுக்குப்பா?

அமெரிக்காவின் வடக்கே, விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஜூலை கடைசியில் அங்கே போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். 140 கிலோ ஆசாமி ஒருவர் ஏழு வயதுப் பொடியனின் குட்டி சைக்கிளில், முழங்கால் தாடையில் இடிக்காத குறையாக, மிதித்துக்கொண்டு போவார். பக்கத்திலேயே அந்தப் பொடியன், அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்தபடி ஓட்டமும் நடையுமாக வருவான்.

கிரீன் பே பேக்கர்ஸ் என்ற கால்பந்து அணி பயிற்சிக்குப் போகும் அழகு இது. (கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைக்காதீர்கள். இது அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணிக்காரர் மோதிக் கீழே தள்ளுவார்.) லாம்போ ஃபீல்டு ஸ்டேடியத்தில் உடை மாற்றிக்கொண்டு, சாலைக்கு அப்பால் இருக்கும் பயிற்சி மைதானத்துக்கு ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை இரவல் வாங்கிப் போகிறார்கள். வின்ஸ் லம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்துப் பழக்கம் என்கிறார்கள். அவர் அங்கே வந்தது 1959-ல்.

நான் படித்தது பி.காம். அதனால் இந்த அணியைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கு முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். டிவிடெண்ட் ஒரு பைசா வராது. பங்கை மார்க்கெட்டில் விற்கவும் முடியாது. 2021-ல் ஒரு பங்கு 300 டாலர் என்று போட்டார்கள். ஜனங்கள் வாங்கி ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் சாக்பீஸைக் கீழே போட்டிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் மேட்ச் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கும் மேல் பெயர்கள். பயிற்சியோ இலவசம். ஆகவே அப்பா அம்மாக்கள் சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர். நாளைக்கு நீங்களும் அந்த வேலி ஓரத்தில் நிற்கலாம்.

நின்றால் என்ன பார்ப்பீர்கள்? முதலில், டி.வி.யில் வராத மனிதர்களை. பயிற்சி முகாமுக்கு வருகிறவர்கள் 90 பேர். சீசன் தொடங்குவதற்குள் அது 53 ஆகிவிட வேண்டும். மற்றவர்களில் சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும், மீதிப் பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உங்கள் பேரன் சைக்கிள் கொடுத்த அந்த அண்ணன் ஆகஸ்ட் கடைசியில் ஊரைவிட்டே போயிருக்கலாம். பிள்ளைக்கு அது தெரியாது. அவனுக்கு 90 பேரும் ஹீரோதான்.

அடுத்து, குவார்ட்டர்பேக் என்கிற முக்கியமான ஆட்டக்காரரைக் கவனியுங்கள். பயிற்சியில் அவருக்கு மட்டும் தனி நிறத்தில் பனியன். ‘இவரைத் தொடாதே’ என்று அர்த்தம். பாய்ந்து வருகிற ஆட்டக்காரர் அவருக்கு அருகில் வந்ததும் பிரேக் போட்டு ஒதுங்கிப் போவார். இதே ஆசாமியை மேட்சில் எதிரணிக்காரர் தரையில் சாய்த்தால் அதற்கு ‘சாக்’ என்று பெயர். புள்ளிவிவரத்தில் பெருமையாக ஏறும். பயிற்சியில் இன்னொன்றும் கண்ணில் படும். பலருடைய ஹெல்மெட்டுக்கு மேலே குஷன் மாதிரி ஒரு தொப்பி. மோதலின் வேகம் தலைக்குள் இறங்காமல் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ள. சில இடங்களில் ஆடுகிறவர்களுக்குப் பயிற்சி முகாமில் இதை 2022-ல் கட்டாயமாக்கினார்கள். மேட்சில்? 2024-ல்தான், இஷ்டப்பட்டவர் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். போட்டுக்கொண்டவர்கள் வெகு சிலர்.

பிள்ளை சும்மா இருக்குமா? ஏறக்குறைய இரண்டு கிலோ கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவனாயிற்றே. “ஹெல்மெட் எதுக்குப்பா? அதுக்கு மேல இன்னொரு தொப்பி எதுக்கு?” என்று கேட்பான்.

பதில் நமக்குத் தெரியும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-ல், ஐம்பது வயதில் இறந்தார். கடைசி வருடங்களில் அவருக்கு ஞாபகம் தப்பியது, தூக்கம் போயிற்று. அவருடைய மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர், திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த சிதைவு அது என்று 2005-ல் எழுதினார். லீகின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கச் சொன்னார்கள். பந்தாட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் உயர் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. 2017-ல் வந்த ஆய்வில், லீகில் ஆடிய 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110-ல் இந்தச் சிதைவு. சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்தன. ஆகவே ஆடுகிற எல்லோருக்கும் இதே கணக்கு என்று சொல்லக்கூடாது. அப்படியே தள்ளுபடி செய்தாலும் மிஞ்சுவது சின்ன எண் இல்லை.

“கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், தெரிந்துதானே ஆடுகிறார்கள்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. பி.காம்.காரனாகவே பதில் சொல்கிறேன். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ‘சுதந்திரமான சம்மதம்’ என்று ஒரு பிரிவு உண்டு. மிரட்டல், ஏமாற்று, தவறான தகவல் இதெல்லாம் கலந்திருந்தால் அது சுதந்திரமான சம்மதம் இல்லை. நம் சட்டம் அமெரிக்காவில் செல்லாது. ஆனால் நியாயம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே? வெப்ஸ்டர் கையெழுத்துப் போட்டபோது இந்த ஆபத்தை அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. இன்றைக்கு ஆடுகிறவருக்குத் தெரியும். அவருடைய சம்மதத்தை நான் மதிக்கிறேன். 22 வயதில், வீட்டுக் கடனை முதுகில் சுமந்துகொண்டு போடுகிற கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை.

ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது அவருடைய சம்மதம் பற்றி இல்லை. நம் கைதட்டல் பற்றி. 2014-ல் ஜனாதிபதி ஒபாமாவே சொன்னார், தனக்கு மகன் இருந்தால் தொழில்முறைக் கால்பந்து ஆட விடமாட்டேன் என்று. அவரும் இந்த ஆட்டத்தின் ரசிகர்தான்! என் பிள்ளை வேண்டாம், ஊரான் பிள்ளை ஆடட்டும், நான் பாப்கார்னோடு பார்க்கிறேன். இதைச் சொல்ல நமக்கு எப்படி மனசு வருகிறது? தூரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 80,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழே மோதுவது ஒரு எண். சட்டையில் எழுதியிருக்கும் எண். டி.வி.யில் அதை ஸ்லோமோஷனில் மூன்று தடவை போட்டுக் காட்டுவார்கள்.

பயிற்சி மைதானத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. மூச்சிரைப்பு காதில் விழுகிறது. தோளும் தோளும் மோதும் சத்தம் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஆசாமி உங்கள் வீட்டு சைக்கிளில் உட்கார்ந்தவர், பிள்ளையிடம் பேர் கேட்டவர். அவர் ஊரான் பிள்ளை இல்லையே இப்போது?

அதனால்தான் சொல்கிறேன், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மேட்சுக்கு முன்னால் பயிற்சிக்கு. ‘இந்த முரட்டு ஆட்டத்தைப் பிஞ்சு மனசுக்குக் காட்டலாமா?’ என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு டி.வி.யில் பிள்ளை அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வலி தெரியாத தூரத்திலிருந்து பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போகும்போது ஒரே ஒரு நிபந்தனை: ஹெல்மெட் எதுக்கு என்று கேட்டால் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றாதீர்கள். “தலையில் அடிபட்டால் வயசான பிறகு இவங்களுக்கு ஞாபகம் போயிடலாம்டா” என்று சொல்லுங்கள். ஏழு வயசுக்கு அது புரியும்.

அடுத்த கேள்வியும் வரும்: “நானும் இதை விளையாடலாமா?” இதற்கு வழி இருக்கிறது. மோதலே இல்லாமல், இடுப்பில் தொங்கும் ரிப்பனை உருவுகிற ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் சேர்த்திருக்கிறார்கள். அதில் சேர்த்துவிடுங்கள், ஓடட்டும்.

“அப்போ அந்த அண்ணனையும் ரிப்பன் ஆட்டத்துலயே சேர்த்துவிடலாமேப்பா?” என்று மூன்றாவதாக ஒன்று கேட்டானானால், அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்.