ஒப்பிடப்பட்ட பெண்கள்

கோவை மாவட்டம் அன்னூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். செவிலியர் பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். வலி பெரிதாக இல்லை, ஆய்வகமும் வேண்டாம். இந்த எளிய முறை உயிரைக் காக்கும் என்று இன்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. அதற்கான சான்றில் முக்கியமான ஒரு பங்கு திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடமிருந்து வந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பரிசோதனையே தரப்படவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், அம்பிளிக்கையிலுள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவ மையமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் அந்தச் சான்றைத் தந்த ஆய்வைத் தொடங்கின. சீட்டுக் குலுக்குவதுபோல் ஊராட்சிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பக்கத்தில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். மறுபக்கத்தில் இருந்த 30,958 பேருக்கு எப்போதும் கிடைக்கும் கவனிப்பு மட்டுமே. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்ட பக்கத்தில் இந்நோயால் இறப்பது 35 சதவீதம் குறைவு. அழைக்கப்படாத பக்கத்தில் 92 பெண்கள் இறந்திருந்தார்கள். அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் அவர்களில் சுமார் முப்பது பேர் பிழைத்திருக்கலாம். அந்த முப்பது பேர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டில் அவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகளிலும் இப்படிப் பரிசோதனையில்லாத பிரிவுகள் இருந்தன. எரிக் சூபா என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் விடாமல் கண்டித்தார். கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியர் முறை பல நாடுகளில் இறப்பைக் குறைத்துவிட்ட பிறகு, பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டுக் கணக்கெடுப்பது எப்படி நியாயம் என்பது அவர் கேள்வி. ஆய்வாளர்கள் சொன்ன பதிலும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. பாப் ஸ்மியருக்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும்; கிராமங்களில் அவை கிடையாது. அசிட்டிக் அமில முறையோ அன்று முழுதாக நிரூபிக்கப்படவில்லை. ஆய்வு வராமல் இருந்திருந்தாலும் அந்த ஊர்களுக்கு எந்தப் பரிசோதனையும் வந்திருக்காது.

இந்தக் கடைசி வாதத்தில்தான் சிக்கல். எதுவும் கிடைக்காதவளுக்கு எதுவும் கொடுக்காமல் இருப்பதில் தவறில்லை என்றால், அவளுக்கு ஏன் எதுவும் கிடைக்கவில்லை என்ற கேள்வியை யாரும் எதிர்கொள்ள வேண்டியதில்லை. அரசும் மருத்துவ உலகமும் ஆண்டுக்கணக்கில் செய்யாமல் விட்டது, ஆய்வின் ஒப்பீட்டு அளவுகோலாகவே மாறிவிடுகிறது. ஆய்வாளர்கள் கொடியவர்கள் அல்ல; அவர்கள் உழைப்பால் பின்னால் பல பெண்கள் பிழைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

அதே வாதம் இன்று அன்னூர்ப் பக்கம் ‘கூப்பிட்டாலும் வர்றதில்லைங்க’ என்ற உருவில் உலவுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுதும் 1.9 சதவீதம்தான் என்பதால் நமக்கு இது பெருமை போலத் தெரியும். பத்தில் ஒன்பது பேர் வரவில்லை என்றும் படிக்கலாம். தோட்டத்தில் களையெடுக்கப் போகும் காலனிப் பெண்ணுக்குக் காலை பத்து மணி முகாம் என்பது ஒரு நாள் கூலி. நூற்பாலை விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்ணுக்கு ஷிப்டும் தடை, மொழியும் தடை. இவர்கள் சொல்லும் ‘வேண்டாம்’ எல்லாவற்றையும் மறுப்பு என்று எழுதிவிட்டால் பதிவேட்டை மூடிவிடலாம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. இலக்கு எண்ணிக்கை ஏறவேண்டும் என்று மில் மேலாளரிடம் சொல்லி விடுதிப் பெண்களை வரிசையில் நிறுத்தினால், அங்கே சம்மதம் என்று ஒன்று இல்லை. 2010-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வு நிறுத்தப்பட்டபோது, விடுதிச் சிறுமிகள் பலருக்குக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தது வெளிவந்தது. அவர்களில் பலர் பழங்குடிச் சிறுமிகள் என்பதால்தான் அந்தக் கையெழுத்து அவ்வளவு எளிதாக விழுந்தது. சூப்பர்வைசர் கூடவே நின்றால் மில்லிலும் அதுதான் நடக்கும். அவர் வெளியே போகட்டும். அவள் மொழி தெரிந்த ஒரு பெண் அருகில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் நாளைய ஷிப்டுக்குப் பாதகம் வராது என்று நிர்வாகம் முன்பே சொல்லியிருக்கட்டும். கூச்சம் பெரிதாக இருக்கும் இடத்தில், பெண்ணே தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கும் ஹெச்.பி.வி. பரிசோதனையை உலகச் சுகாதார நிறுவனமும் ஏற்கிறது. செலவு கூடும்தான். ஆனால் செலவைக் காரணம் காட்டுவதாக இருந்தால், கூலியை இழக்கும் பெண்ணின் கணக்கையும் அதே தாளில் எழுத வேண்டும்.

பரிசோதனையோடு வேலை முடிவதில்லை. திண்டுக்கல்லில் புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 சதவீதத்தினருக்கே சிகிச்சை போய்ச் சேர்ந்தது. பணமும் ஆட்களும் இருந்த ஆய்விலேயே நிலை இது. அன்னூரில் வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, ‘கோயம்புத்தூர் ஜி.எச். போயிருங்க’ என்று அனுப்பினால் எல்லாம் செய்தாயிற்று என்று தோன்றும். ஏதோ வந்திருக்கிறது என்ற பயத்தோடு அவள் வீட்டுக்குப் போகிறாள். புருஷனிடம் சொல்வதா, மாமியாரிடம் சொல்வதா, அடுத்த வாரக் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவதா என்பதை அவள் ஒருத்தியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த மாதம் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்பவர்கள், போன மாதம் எழுதிய சீட்டுகளில் எத்தனை பேர் கோவைக்குப் போய் மருத்துவரைப் பார்த்தார்கள் என்பதை முதலில் கேட்கட்டும்.