தீர்ப்பும் மீள்நோக்கும்

பிழையான தீர்ப்பொன்றைத் திருத்துவதற்குப் பிழை நேர்ந்தது என்ற ஐயம் மட்டும் போதாது. அதனை எடுத்துக்காட்டும் சான்று எவர் கையிலேனும் இருத்தல் வேண்டும். கீழ்மாகாணத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறும் காவியம் 'கண்ணகி வழக்குரை' எனப் பெயர் பெற்றிருப்பது இவ்வகையிற் கருதத்தக்கது. அவள் பட்ட துயரத்தை விட்டு, அவள் வழக்குரைத்த செயலையே மக்கள் நூற்பெயராகக் கொண்டனர். பாண்டியன் அவையில் அவள் வென்றமைக்குக் கற்பின் திறமே காரணம் என்பது மரபு. ஆயினும் வழக்கின் போக்கை மட்டும் நோக்குமிடத்து, அவள் கையில் இணைச் சிலம்பு இருந்தது. அதன் உள்ளிருந்த பரலைக் காண அரசனும் இசைந்தான். இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்திருப்பின் கோவலன் கள்வனாகவே நின்றிருப்பான்.

இணைச் சிலம்பு இல்லாதோர் பலர். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கத்தில் அமைந்துள்ள சம்பூரை எண்ணுக. 2006 ஏப்ரலிற் குண்டுவீச்சுக்கு உள்ளான அவ்வூர், செப்டெம்பரில் இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். 2007 இல் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பெற்ற நிலத்துக்கு அவர்கள் மீளும் வாய்ப்பு 2015 இன் பின்னரே கிட்டிற்று. இத்தகைய ஊரைச் சேர்ந்த ஒருவன், குற்றம் நிகழ்ந்த நாளில் தான் வயலில் நின்றதாக நிறுவ வேண்டியவனாயின், யாரை அழைப்பான்? அயல் வயற்காரன் எம்முகாமில் இருக்கின்றான் என்பதை அவன் அறியான். கூட்டுறவுச் சங்கச் சிட்டையும் பாடசாலை வரவேடும் வீட்டோடு போயிருக்கும். சிறையில் இருப்பவனால் இவற்றைத் தேட இயலாது. மேன்முறையீட்டு நீதிமன்றமோ பொதுவாகத் தன்முன் வைக்கப்பட்ட பதிவேட்டை ஆராயுமேயன்றித் தானே சான்று தேடிப் புறப்படுவதில்லை. அது நீதிமன்றத்தின் குற்றமன்று, அதன் இயல்பு.

சாட்சி இல்லாதவிடத்து வாக்குமூலம் தனியரசு செலுத்தும். பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என்பது 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்த நெறி. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்நெறியைத் தளர்த்தி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற் குறையாதாரிடம் அளித்த ஒப்புதலை ஏற்க இடமளித்தது. அது தன் விருப்பின்றிப் பெறப்பட்டது என நிறுவும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே சுமத்தப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 இற் கைதானார். அவர் அறிந்த மொழி தமிழ்; ஒப்புதல் எழுதப்பட்ட மொழி சிங்களம்; இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள்; அடியில் இடப்பட்டது பெருவிரல் அடையாளம். 1995 இல் விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறை மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதெனக் கண்டு, விடுதலையோ மறுவிசாரணையோ வேண்டுமென்றது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அக்கருத்துக்கு உள்நாட்டிற் சட்டவலு இல்லையெனத் தள்ளிற்று. அரசியலமைப்புப் பற்றிய அத்தீர்ப்பின் நியாயத்தைச் சட்ட அறிஞர் ஆராய்க. வாக்குமூலம் உண்மையானதா என்ற வினா அங்கும் விடையின்றியே நின்றது.

எஞ்சுவது சனாதிபதியின் மன்னிப்பு. மன்னிப்போ குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரே பொருள்படும் சொல். குற்றமற்றவனுக்கு வேண்டுவது கருணையன்று. மேலும், மன்னிப்பு உண்மையை நிறுப்பதில்லை: மிருசுவிலில் 2000 ஆம் ஆண்டு பொதுமக்கள் எண்மரைக் கொன்றமைக்காகத் தண்டிக்கப்பட்டு, 2019 இல் உயர் நீதிமன்றத்தாலும் குற்றவாளியென உறுதிசெய்யப்பட்ட படையினர் ஒருவர், 2020 மார்ச்சில் மன்னிப்புப் பெற்று வெளியேறினார்.

வழக்கு ஓரிடத்தில் முடிந்தாகவேண்டும் என்பாரின் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. தீர்ப்புகள் என்றும் அசைந்துகொண்டிருப்பின் பாதிக்கப்பட்டோரின் குடும்பத்துக்கும் அமைதி இல்லை. ஆனால் முடிவை நாடும் அவாவினுள்ளே பிறிதோர் அச்சமும் ஒளிந்திருத்தல் கூடும். பேர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் 1975 இற் தண்டனை பெற்ற அறுவர், தம்மை அடித்ததாகப் பொலிசார்மீது தொடுத்த வழக்கை 1980 இல் டெனிங் பிரபு மேற்செல்ல விடவில்லை. அவர்கள் கூற்று மெய்யாயின் பொலிசார் பொய்ச்சான்று கூறியவராவர். அந்நிலை எண்ணுதற்கும் ஒவ்வாதது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. பாண்டியனோ எண்ணுதற்கொவ்வாத அதனையே தன் அவையில் நேர்நின்று கண்டவன். அறுவரும் 1991 இல் விடுதலையாயினர். 1995 இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட குற்றவியல் வழக்குகள் மீளாய்வு ஆணைக்குழு 1997 இற் பணிதொடங்கிற்று. அது தீர்ப்பளிப்பதில்லை, கோப்புகளை வரவழைத்து, புதிய சான்று தேடி, தக்க வழக்கை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. நோர்வே, நியூசிலாந்து முதலிய நாடுகளும் இதனையொத்த அமைப்புகளை நிறுவின.

அமைப்பு உண்டாதல் வேறு, அது விழித்திருத்தல் வேறு. 2004 இற் தண்டிக்கப்பட்ட அன்ட்ரூ மால்கின்சனின் வழக்கில், வேறொருவரின் மரபணுத் தடயம் 2007 இலேயே தெரியவந்திருந்தது. ஆணைக்குழு அவர் விண்ணப்பத்தை இருமுறை மறுத்தது. 17 ஆண்டு சிறையிருந்த அவருக்கெதிரான தீர்ப்பு 2023 இலேயே நீக்கப்பட்டது. அரசிலிருந்து மட்டுமன்றி, நீதிமன்றம் ஏற்குமோ ஏற்காதோ என்று முன்கூட்டியே கணிக்கும் மனப்பான்மையிலிருந்தும் தான் முன்னர் எடுத்த முடிவிலிருந்தும் விடுபட்டதே சுயாதீனம் எனத்தகும்.

ஆணைக்குழு என்னும் சொல் மூதூர்ப் பகுதியாருக்குக் கசந்த சொல் என்பதும் மறக்கற்பாலதன்று. 2006 ஆகஸ்டில் மூதூரிற் கொல்லப்பட்ட தொண்டுநிறுவனப் பணியாளர் 17 பேரைப் பற்றியும் ஆணைக்குழுவொன்று விசாரித்தது. அதன் அறிக்கை 2015 இலேயே வெளியிடப்பட்டது. சனாதிபதி அமைத்து, சனாதிபதிக்கே அறிக்கை கையளித்துக் கலையும் குழுவால் இப்பணி ஆகாது. சட்டத்தால் நிலைபெற்று, பொலிஸ் கோப்பையும் வைத்திய அறிக்கையையும் கேட்டுப்பெறும் அதிகாரம் உடையதாய், சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தையும் அதற்குரியவரின் தமிழ்ப் பேச்சையும் அருகருகே வைத்து ஒப்பிட வல்லவரைக் கொண்டதாய் அது இருத்தல் வேண்டும். தடயப் பொருள்கள் அழியாது காக்கப்பெறுதல் அதற்கும் முற்பட்ட கடமை. சம்பூரிலும் சேனையூரிலும் 2006 இல் நாற்பது வயதினராய் இருந்தோர் அறுபதை எட்டிவிட்டனர். அன்று யார் எவ்வயலில் நின்றார் என்பதைச் சொல்லவல்லோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.