நெல்லா, குங்கிலியமா?

 

திருக்கடையூர் என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது அறுபதாம் கல்யாணம். இங்கிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் காசு சேர்த்து, அம்மா அப்பாவை அங்கே அழைத்துப்போய், அமிர்தகடேசுவரர் சந்நிதியில் மறுபடி மாலை மாற்ற வைக்கிறார்கள். பெரியபுராணத்தில் வரும் திருக்கடவூர் அதே ஊர்தான். தம்பதிகள் தேடிப் போகிற அந்த ஊரில் ஒரு காலத்தில் ஒரு தம்பதி அடுப்பு எரியாமல் கிடந்தார்கள். இந்த மாதம் அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குங்கிலியக்கலய நாயனார். கோயிலில் குங்கிலியத் தூபம் போடுவதுதான் அவர் தொண்டு. இருந்த சொத்தெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது. நிலம் போச்சு, வேலையாட்கள் போனார்கள், கடைசியில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. அப்போது மனைவி தன் தாலியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொல்கிறார். அவர் புறப்படுகிறார். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு எதிரே வருகிறான். நாயனாருக்கு நெல் மறந்துபோகிறது, வீடு மறந்துபோகிறது. பொன்னைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோயில் பண்டாரத்தில் சேர்த்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் அந்த அம்மாவும் பிள்ளைகளும் பசியோடு படுத்தார்கள்.

விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது எங்கள் வட்டாரக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்க உதவுவேன். கதை இந்த இடத்துக்கு வந்தபோது படிவம் ஒன்று படிக்கும் ஒரு தங்கச்சி கையைத் தூக்கினாள். "அண்ணே, வாங்குறதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நாயன்மாரைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல கேள்வி அது. கேட்கவில்லை என்பதுதான் பதில். சேக்கிழாரும் அதை மறைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பாடியவர், அந்தப் பசியைப் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். இறைவன் அருளால் வீடு முழுக்கப் பொன்னும் நெல்லும் நிறைகிறது. இறைவன் முதலில் யாருக்குச் செய்தி சொல்கிறான்? அந்த அம்மாவின் கனவில் போய்ச் சொல்கிறான். அவர் எழுந்து பார்த்து, வணங்கி, கணவருக்காகச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான், கோயிலில் இருந்த நாயனாரிடம், நீ பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்கிறான். யாரிடம் கேட்காமல் விட்டாரோ அவரிடமே இறைவன் முதலில் பேசினான். இது நான் படித்துப் புரிந்துகொண்டது. தவறென்றால் பெரியவர்கள் சொல்லட்டும்.

நாயனார் செய்தது தவறு என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அவருக்கு இருந்த அன்பில் தன்னையே மறந்தவர் அவர். நமக்கு அந்த மறதி வருவதில்லை. புது ஐபோன் வாங்கும்போது நமக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும்; வீட்டில் சொல்ல மட்டும் மறந்துபோகும். மோட்டாருக்கு ரிம் மாற்றுகிறவனும், மைவிக்கு ஒன்பது வருடக் கடன் போடுகிறவனும் அதைக் குங்கிலியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இளையான்குடி மாற நாயனார் வீட்டுக்குப் போவோம். அங்கேயும் வறுமைதான். மழை கொட்டும் நடு இரவு, வாசலில் ஓர் அடியார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நாயனார் மனைவியிடம் கேட்கிறார், என்ன செய்யலாம்? இனிமேல் கடன் கொடுக்க ஆள் இல்லை, பகலில் விதைத்த நெல் வயலில் கிடக்கிறது, அதை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கிறேன் என்று யோசனை சொல்வது அந்த அம்மா. இருட்டில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் வாரி வருவது நாயனார். விறகில்லை என்கிறார் அம்மா. வீட்டுக் கூரையின் வரிச்சுக் கழிகளை வெட்டித் தருகிறார் ஐயா. (கட்டடப் பொறியியல் படிக்கிற எனக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். மழை இரவில் கூரையிலா கை வைப்பது!) ஈர நெல்லை வறுத்து, குத்தி, சோறாக்கி, அவர் பறித்து வந்த கீரையில் கறி வகைகள் செய்து வைக்கிறார். அடுத்த போகத்து விதைநெல்லும் போய், கூரையும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு அடியும் இரண்டு பேரும் கலந்து பேசி எடுத்து வைத்தது. இழப்பு என்று பார்த்தால் கலயர் வீட்டைவிட இங்கே குறைவில்லை. ஆனாலும் இங்கே யாரும் தனியாகப் பசித்துப் படுக்கவில்லை. சேக்கிழார் இந்த இரண்டு அம்மாக்களின் பெயரையும் சொல்லவில்லை, அது எனக்கு ஒரு குறைதான்.

பகவான் இராமகிருஷ்ணர் வாழ்க்கையிலும் ஒன்று உண்டு. லட்சுமிநாராயண மார்வாரி என்ற பக்தர் பத்தாயிரம் ரூபாய் தர வந்தார். அந்தக் காலத்துப் பத்தாயிரம். தனக்கு வேண்டாம் என்று மறுத்த பகவான், அன்னை சாரதா தேவியாரிடம், நீ வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டார். நான் வாங்கினால் நீங்கள் வாங்கியது போலத்தானே ஆகும் என்று அன்னையும் மறுத்துவிட்டார். சோதித்துப் பார்க்கக் கேட்டார் என்பார்கள். எதற்காக இருந்தாலும் கேட்டாரே, அது முக்கியம்.

இதெல்லாம் புராணம், பெரியவர்கள் கதை, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம்ம கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களின் வாழ்க்கையே இந்தக் கணக்குத்தான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம். அதன் பெயரே தென்னமரம் எஸ்டேட். 1920களின் இறுதியில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 காசும் 32 காசும் ஆனது. லயத்தில் ஒரு குடும்பம் என்றால் இரண்டு கூலியும் சேர்ந்தால்தான் அரிசி. 1923 தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதா, கூடமாட வேலைக்குக் கூட்டிப் போவதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் பேச வேண்டிய பேச்சு. சம்பள நாளில் அப்பா நேராகக் கள்ளுக்கடைக்குப் போன வீட்டில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

இப்போது லயம் இல்லை, தாமான் இருக்கிறது. பேச்சு மாறவில்லை.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஈஜோக் பக்கம் இருக்கிறார். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி, ஓ.டி. சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேல். அண்ணி பாலர் பள்ளி ஆசிரியை, குறைந்தபட்சச் சம்பளம் 1,700. இரவில் டிப்ளோமா படிக்கிறார், இன்னும் ஒரு வருடம் பாக்கி. மகன் அடுத்த வருடம் முதலாம் ஆண்டு. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பதிந்தாயிற்று. இந்த நேரத்தில் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்தது. நம்ம காசுக்கு மாதம் ஏறக்குறைய 7,500 வெள்ளி. அண்ணியிடம் சொல்லாமலே சரி என்று பதில் அனுப்பிவிட்டார். குடும்பத்துக்குத்தானே செய்கிறேன் என்ற எண்ணம். வாட்ஸ்ஆப்பைப் பார்த்து அண்ணிக்குத் தெரிந்தது.

அண்ணி சத்தம் போடவில்லை. மூன்று நாள் கழித்து, தினசரிக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, "வாங்க, உட்காருங்க, எழுதிப் பார்ப்போம்" என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன், கால்குலேட்டர் என் கையில். அங்கே அறை வாடகை, சாப்பாடு, மாதம் இரண்டு முறை பஸ்ஸில் வந்து போக 3,100 போனால் மீதி 4,400. அண்ணி இரவு வகுப்புக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், 450. கையில் நிற்பது 3,950. இங்கே கையில் வருகிற 2,770இல் லாத்தார் டோல், பெட்ரோல் 480 போக 2,290. வித்தியாசம் 1,660. அண்ணன் முகம் மலர்ந்தது. அப்போது அண்ணி இன்னொரு வரி எழுதினார். சேமநிதி. இங்கே இவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13, மொத்தம் மாதம் 624 வெள்ளி. வேலை பெர்மிட்டில் போகிறவருக்கு அங்கே அது கிடையாது. அதையும் கழித்தால் உண்மையான லாபம் ஆயிரத்துச் சொச்சம்.

"ஆயிரம் வெள்ளி பெரிய காசுதான், நான் இல்லைன்னு சொல்லல. மாசத்துல இருபத்தாறு நாள் நீங்க இல்லாம இருக்கிறதுக்கு அது போதுமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்" என்றார் அண்ணி.

சிங்கப்பூர் போவது தப்பு என்று நான் எழுத வரவில்லை. நம் தாமான்களில் எத்தனையோ வீடுகள் அந்தக் காசில் எழுந்தவை, எத்தனையோ பேர் அதில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அண்ணனும் இன்னும் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்போதைக்கு அந்த வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, சார்ஜ்மேன் சான்றிதழுக்குப் படிக்கிறார். அண்ணி டிப்ளோமா முடித்ததும் மறுபடி ஒரு காலண்டர் தாள் எடுப்பதாகப் பேச்சு.

தம்பிகளே, உங்களிடம் தனியாக ஒன்று. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பி.டி.பி.டி.என். பாக்கி எவ்வளவு, கார் கடன் எவ்வளவு, தங்கச்சி படிப்புக்கு மாதாமாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும், இதை மட்டும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அவளுக்கும் கடன் இருக்கும், அவளுக்கும் அம்மா அப்பா இருப்பார்கள். ஒரு நாள் சம்பளச் சீட்டு இரண்டையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். திருவள்ளுவர் இல்லறத்தான் காக்க வேண்டியவர்கள் என்று ஐந்து வகை சொல்கிறார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். அந்தத் 'தான்' கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் இல்லை, இரண்டு பேர்.

கோயில் விஷயத்திலும் இதேதான். திருவிழா வந்தால் உபயத்துக்குப் பெயர் எழுதுகிறோம். போன வருடம் அவன் 500 கொடுத்தான், நான் 1,001 கொடுக்கிறேன் என்று மைக்கில் பெயர் வாசிக்கக் கேட்பது ஒரு சுகம். அந்த 1,001 பிள்ளையின் பள்ளி பஸ் காசா என்று வீட்டில் கேட்டோமா? இதைக் கோயில் இளைஞர் பிரிவில் இருந்துகொண்டே சொல்கிறேன், நிர்வாகத்தார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மனைவி மனம் நிறைந்து, எழுதுங்க என்று சொன்ன ஐம்பது வெள்ளியை சாமி வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

கலய நாயனார் கதை அந்த இரவோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து, நிறைந்து கிடக்கும் செல்வத்தைக் கண்டு திகைத்து, இதெல்லாம் எப்படி வந்தது என்று மனைவியைக் கேட்கிறார். இறைவன் அருள் என்று அந்த அம்மா சொல்லத்தான் அவருக்கே தெரிகிறது. பின்னால் ஒரு நாள் அப்பரும் சம்பந்தரும் திருக்கடவூருக்கு வந்து, அந்த வீட்டில்தான் அடியார் கூட்டத்தோடு விருந்து சாப்பிட்டார்கள். அத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி போடுவது என்று அன்றைக்கு நாயனார் உள்ளே போய்க் கேட்டிருப்பார்.