அளவும் அறமும்

நஞ்சு எது, நஞ்சல்லாதது எது என்னும் வினாவுக்கு நச்சியல் தரும் விடை சுருக்கமானது: அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் பராசெல்சசு உரைத்த இக்கருத்தே அத்துறையின் அடிப்படையாக இன்றும் நிலவுகின்றது. ஆயினும் எவ்வளவு தீங்கற்றது என வரையறுப்பவர் யார், எதனைக்கொண்டு வரையறுக்கின்றனர் என வினவுமிடத்து, விஞ்ஞானத்தின் அருகே அறமும் வந்து நிற்கின்றது.

பீடைகொல்லி ஒன்றை ஆராயும் நச்சியலாளர் அதனை வெவ்வேறு அளவுகளில் விலங்குகளுக்கு நெடுங்காலம் ஊட்டி, தீங்கு எதுவும் புலப்படாத உச்ச அளவைக் கண்டறிவர். பின்னர் வழமையாக அதனை நூறால் வகுப்பர். விலங்கினும் மனிதன் பத்து மடங்கு நலிவுடையவனாயிருக்கலாம் என்பதற்காக ஒரு பத்து. மனிதருள்ளும் குழந்தையும் நோயாளியும் மேலும் பத்து மடங்கு நலிந்தோராயிருக்கலாம் என்பதற்காக மற்றொரு பத்து. மனிதன் வாழ்நாள் முழுதும் நாளாந்தம் உட்கொள்ளத்தக்க அளவு இவ்வாறே பெறப்படுகின்றது. 1954இல் அமெரிக்க ஆய்வாளர்களான லேமன், ஃபிட்சூ ஆகியோர் முன்வைத்த இந்நூறு, எந்தத் தராசிலும் நிறுத்துப் பெறப்பட்ட எண் அன்று. தம் அறிவின் குறையை ஒப்புக்கொண்டு, நலிந்தோர் பக்கம் சாய்ந்து செய்யப்பட்ட தீர்மானம் அது. ஆகவே பாதுகாப்பான அளவு என்பது முகமறியா மனிதருக்கு அளிக்கப்படும் ஒரு வாக்குறுதியாகும்.

ஆய்வுகூடத்தில் அளிக்கப்பட்ட அவ்வாக்கு நிறைவேற வேண்டிய இடமோ தோட்டம். அரியாலையிலே கிணற்றுநீர் இறைத்துக் கத்தரி செய்யும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மருந்தடித்துப் பதினான்கு நாள் கழிந்த பின்னரே காய் பிடுங்கவேண்டும் எனப் போத்தலின் சுட்டுத்துண்டு கூறுகின்றது எனக் கொள்வோம். ஐந்தாம் நாளே திருநெல்வேலிச் சந்தையில் நல்ல விலை. காத்திருந்தால் காய் முற்றிவிடும். கடனுக்கு வட்டியும் ஏறும். காயில் எஞ்சிய நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. உண்பவர் யாரென அவர் அறியார். உண்டவரும் தமக்கு நேர்ந்தது இதனால் என அறியார். சாட்சியற்ற இவ்விடத்தில் அவரைத் தடுப்பது எது?

தம் வீட்டுக் கறிக்கென மருந்தடிக்காத பாத்தி ஒன்றை அவர் ஒதுக்கி வைத்திருப்பாராயின், அறியாமல் செய்தேன் என அவர் கூறுவதற்கு இடமில்லை. தம் பிள்ளைக்கு ஆகாதது பிறர் பிள்ளைக்கு ஆகும் என்பதை எந்த அறமும் ஏற்காது. மேலும் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கற் படையில் தேங்கிய நீரையே நம்பியுள்ளன. காணிக்கு வேலியுண்டு, நிலத்தடி நீருக்கு வேலியில்லை. இன்று பயிருக்கு இட்டது நாளை அவர் வீட்டுக் கிணற்றுக்கே வரலாம்.

எனினும் கமக்காரரை மாத்திரம் குற்றவாளியாக்குதல் எளிதேயன்றி நீதியன்று. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சினால் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படுவதையும், 1,000 பேர் இறப்பதையும் ஜெயரட்ணம் முதலிய ஆய்வாளர் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எடுத்துக்காட்டினர். 1980இல் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1984இல் பரதியோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த எஞ்சிய மருந்துகளும் விலக்கப்பட்டன. அதனையடுத்த பத்தாண்டில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. போதனையால் ஆகாததைக் கொடிய நஞ்சை எட்டாத் தொலைவில் வைத்த ஏற்பாடு சாதித்தது. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் நம்பியிருக்கும் சமுதாயம் தன் கடமையை நலிந்தவன் தோளில் ஏற்றிவிடுகின்றது என்பதற்கு இது சான்றாகும்.

ஆனால் சட்டத்துக்கும் ஓர் எல்லையுண்டு. கொடிய மருந்தைக் கடையிலிருந்து அது அகற்றலாம். ஐந்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே ஒவ்வொரு தோட்டத்திலும் அது காவல் நிற்கமுடியாது. அந்த ஒன்பது நாட்களைக் காப்பது கமக்காரரின் மனச்சான்றே. அம்மனச்சான்று நிலைபெற வேண்டுமாயின், காத்திருப்பவர் நட்டப்படாத விலையும், சந்தைக்கு வரும் காயைச் சோதிக்கும் வசதியும், விளங்கும் மொழியில் அறிவுரையும் வேண்டும். புழு தீண்டாத பளபளப்பான காயையே தெரிந்தெடுக்கும் நுகர்வோரும் இப்பொறுப்பில் பங்காளர்களே. மருந்தை மேலும் மேலும் அடிக்கத் தூண்டுவது அவர்தம் தெரிவேயாகும்.

நச்சியலாளர் நூறால் வகுத்தபோது, தாம் ஒருபோதும் காணப்போகாத குழந்தையை மனத்திற்கொண்டார். அக்குழந்தையை வணிகரும் அரசும் கமக்காரரும் நுகர்வோரும் மனத்திற்கொள்ளும்போதே அவர் வகுத்த அளவு பொருளுடையதாகும்.